எல்லாம் வயிற்றுக்குள் போய்க் கரையத்தானே போகிறது?

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. ஆனால் நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. மாத்திரை தொண்டையில் நின்றுகொண்டு புரையேறுவதால், ஏழு மருந்தையும் இஞ்சி தட்டும் சின்னக் கல்லுரலில் இடித்து, காலையில் ரசத்தில் பிசைந்த இட்லியிலும் இரவில் தேனிலும் குழைத்துக் கொடுக்கிறேன். கேப்சூலைத் திறந்து உள்ளே இருப்பதையும் சேர்த்து இடித்துவிடுவேன். கொஞ்ச நாளாகக் காலை மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் தலை சுற்றுவதாகச் சைகை காட்டுகிறார். இரவில் நெஞ்சு எரிகிறது. சாப்பாட்டைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்கிறார். போன வாரம் ஒரு நாள் சர்க்கரை 62-க்கு இறங்கிவிட்டது. மாத்திரையை இடிக்கலாமா என்று தம்பி கேட்கிறான். எல்லாம் வயிற்றுக்குள் போய்க் கரையத்தானே போகிறது, நாம் முன்னாலேயே பொடித்துக் கொடுத்தால் என்ன? இல்லாவிட்டால் எல்லாவற்றையும் டானிக்காகவோ ஊசியாகவோ மாற்றித் தரச் சொல்லலாமா? மருந்துச் சீட்டின் படத்தை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கல்லுரலைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இனி அதில் இஞ்சி தட்ட வேண்டாம். கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், என்ன கழுவினாலும் பொடி கொஞ்சம் தங்கும். அப்பாவின் சர்க்கரை மாத்திரையில் உள்ள கிளிமெபிரைடும், ரத்த அழுத்த மாத்திரையில் உள்ள நிஃபிடிபினும் சின்னக் குழந்தைகளுக்கு ஒரே ஒரு மாத்திரை அளவில்கூட ஆபத்தானவை. வீட்டில் குழந்தை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அதன் சளிக்கு மிளகும் இஞ்சியும் தட்டுவது இதே கல்லில்தானே?

இரண்டாவதாக, இன்றே உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மருந்தை மாற்றும் உரிமை மருந்தாளுநனான எனக்குக் கிடையாது. உங்களுக்கும் கிடையாது. ஆனால் அப்பா மருந்தை எப்படிச் சாப்பிடுகிறார் என்பது அந்த டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். விழுங்க முடிகிறது என்று நினைத்துக்கொண்டுதான் அவர் இந்தச் சீட்டை எழுதியிருப்பார்.

சீட்டைப் பார்த்தேன். ஏழில் இடிக்கக்கூடியவை இரண்டுதான்: கொழுப்பைக் குறைக்க இரவில் தரும் அட்டோர்வாஸ்டாடின், காலையில் தரும் பி காம்ப்ளெக்ஸ். மற்ற ஐந்தையும் இடிக்கக் கூடாது. அதற்கான காரணமும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக இல்லை.

உங்கள் கேள்வி நியாயமானது. மருந்தியல் படிக்க வரும் மாணவர்களும் முதல் வாரத்தில் இதையேதான் கேட்பார்கள். அவர்களுக்கு நான் ஒரு தம்ளர் தண்ணீரைத்தான் காட்டுவேன். நீங்களும் செய்து பார்க்கலாம், ஒரு மாத்திரை வீணானால் பரவாயில்லை. இரண்டு தம்ளரில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் சாதாரண பாராசிட்டமால், மற்றொன்றில் அப்பாவின் சர்க்கரை மாத்திரை. பாராசிட்டமால் சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். சர்க்கரை மாத்திரையை உற்றுப் பாருங்கள். அதில் இரண்டு அடுக்கு உண்டு, பெரும்பாலும் இரண்டு நிறத்தில் இருக்கும். மெல்லிய அடுக்கு கிளிமெபிரைடு, அது சீக்கிரம் கரைந்துவிடும். பருத்த வெள்ளை அடுக்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., அதாவது மருந்தை மெதுவாக விடும் வகை. அது கரையாது, உப்பும். ஒரு மணி நேரம் கழித்து விரலால் தொட்டால், ஊறின சப்ஜா விதையைச் சுற்றி இருக்குமே, அந்த வழவழப்பு தெரியும். அந்தக் கூழ்ப் போர்வைக்குள் இருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, மணிக்கணக்கில் குடலில் இறங்குகிறது. மருந்து போன பிறகு வெறும் கூழ் மட்டும் மிஞ்சும். சிலருக்கு அது மலத்தோடு வெளியே வரும். ‘மாத்திரை அப்படியே வந்துவிட்டது, கரையவே இல்லை’ என்று பதறிக்கொண்டு கடைக்கு ஓடி வருவார்கள். பார்த்து முடித்ததும் தம்ளரை நன்றாகக் கழுவி, மாத்திரையைக் குழந்தை கைக்கு எட்டாமல் போட்டுவிடுங்கள்.

தமிழில் மாத்திரை என்றாலே அளவு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளியில் படித்தோமே, அங்கே அது கால அளவு. மருந்துக்கும் அதே சொல் வந்து பொருந்தியிருப்பதைப் பார்த்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். எத்தனை மில்லிகிராம் என்பது ஒரு அளவு. அதை எவ்வளவு நேரத்தில், உடம்பின் எந்த இடத்தில் விடுவது என்பது இன்னொரு அளவு. உரலில் இடிக்கும்போது மில்லிகிராம் மாறாது. அந்த இரண்டாவது அளவுதான் காணாமல் போகிறது.

அப்பாவின் தலைச்சுற்றலுக்கு இப்போது வருவோம். சீட்டில் நிஃபிடிபின் ரிடார்ட் 20, காலையும் இரவும் என்று இருக்கிறது. ‘ரிடார்ட்’ என்றால் மெதுவாக விடுவது என்று பொருள். 12 மணி நேரத்துக்கான மருந்து அதற்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இடித்தால் அத்தனையும் அரை மணி, ஒரு மணிக்குள் ரத்தத்தில் ஏறிவிடும். அழுத்தம் தடாலென்று விழும், நெஞ்சு படபடக்கும், அப்புறம் மாலைக்குள் மருந்து தீர்ந்துபோய் அழுத்தம் மறுபடியும் ஏறும். ஒரு காலத்தில், ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் நிஃபிடிபின் கேப்சூலைக் கடித்து நாக்கடியில் வைக்கச் சொல்வார்கள், அவசரப் பிரிவுகளில் அது வழக்கமாகவே இருந்தது. அழுத்தம் அவ்வளவு வேகமாகச் சரிந்ததில் சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததாகத் தெரிந்த பிறகு, 1990-களில் அந்த வழக்கத்தை எதிர்த்து மருத்துவ உலகம் கடுமையாகப் பேசியது. ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்த உங்கள் அப்பாவுக்கு, நம்மை அறியாமல் அதையேதான் தினமும் இரண்டு வேளை செய்துகொண்டிருக்கிறோம்.

இரவில் கேப்சூலைத் திறந்து இடிக்கிறீர்களே, அது டாம்சுலோசின், சிறுநீர் தடையின்றிப் போவதற்கானது. உள்ளே இருக்கும் குட்டிக் குட்டி உருண்டைகள் ஒவ்வொன்றும் மருந்தை மெதுவாக விடும்படி செய்யப்பட்டவை. அதை அரைத்தாலும் அழுத்தம் இறங்கும். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இதே மருந்தோடு டுட்டாஸ்டிரைடு சேர்ந்த கேப்சூலும் கடைகளில் உண்டு. அப்பாவுக்கு எழுதியது அதுவல்ல. ஆனால் இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது அது இருந்தால், கர்ப்பிணிப் பெண்கள் அதைத் திறக்கவோ கசிந்ததைத் தொடவோ கூடாது. கருவில் இருக்கும் ஆண் குழந்தையைப் பாதிக்கும்.

நெஞ்செரிச்சலுக்கு வருகிறேன். பான்டோபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து, ஆனால் அந்த அமிலமே அதைச் சிதைத்துவிடும். அதனால்தான் அமிலத்தில் கரையாத, குடலுக்குப் போன பிறகே கரைகிற ஒரு பூச்சைப் போடுகிறார்கள். எலுமிச்சைச் சாற்றில் போட்டால் அந்த மாத்திரை அப்படியே கிடக்கும். ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் போட்டால் பூச்சு கரைய ஆரம்பிக்கும். நீங்கள் இடித்ததும் பூச்சு போய்விட்டது, மருந்தில் பெரும்பகுதி வயிற்றிலேயே அழிந்துவிடுகிறது. ஆஸ்பிரின் 75-இலும் அதே மாதிரிப் பூச்சுதான், ஆனால் காரணம் தலைகீழ். அங்கே மருந்திடமிருந்து வயிற்றைக் காப்பாற்றப் பூச்சு. (முழுதாகக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல முடியாது, ஆஸ்பிரின் ரத்தம் வழியாகவும் வயிற்றைப் புண்ணாக்கும்.) ஆகவே, வயிற்றைக் காக்க வந்த மருந்து வேலை செய்யவில்லை, வயிற்றை உறுத்தும் மருந்து நேரடியாக விழுகிறது. எரியாமல் என்ன செய்யும்? மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சர்க்கரை 62-க்கு இறங்கியதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். மெட்ஃபார்மினை இடித்தால் வயிற்றுப் புரட்டலும் பேதியும் வரலாமே தவிர, அது மட்டுமே சர்க்கரையை அவ்வளவு இறக்காது. இறக்கியிருக்கக்கூடியது கிளிமெபிரைடு. ஆனால் அது இடித்தாலும் இடிக்காவிட்டாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்யும். அப்படியானால் என்ன மாறியது? ‘சாப்பாட்டைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்து மாத்திரைப் பொடியை இட்லியில் பிசைந்தால் அந்த இட்லி எட்டிக்காயாகக் கசக்கும். நான்கு வாய் சாப்பிடுவார், மாத்திரையில் பாதி உள்ளே போகும், சாப்பாடு அரை வயிற்றுக்குக்கூட இருக்காது. சர்க்கரையை இறக்கும் மருந்து வேலை செய்யும்போது வயிற்றில் இட்லி இருக்காது. மருந்தை ஒருபோதும் முழுச் சாப்பாட்டில் கலக்காதீர்கள். ஒரே ஒரு டீஸ்பூன் போதும். மருந்து தனி, சாப்பாடு தனி.

மறுபடியும் 70-க்குக் கீழே இறங்கினால், நன்றாக விழித்திருக்கிறார் என்றால் மட்டும் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைக் கெட்டியாகக் குழைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். மயக்கமாகவோ அரைத் தூக்கமாகவோ இருந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

மருந்தைத் தேனில் குழைக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். சித்த மருத்துவத்தில் அதற்கு அனுபானம் என்று பெயர். சூரணத்தைத் தேனிலோ நெய்யிலோ குழைப்பார்கள், சிலவற்றைப் பாலிலும் வெந்நீரிலும் கொடுப்பார்கள். எது எதோடு என்று வைத்தியர் சொல்லித்தான் கொடுப்பார். மருந்தின் வடிவத்துக்கு அங்கேயும் பெரிய மரியாதை உண்டு. உள்ளுக்குச் சாப்பிடும் அகமருந்து 32, வெளியில் போடும் புறமருந்து 32 என்று வகை பிரித்து, குடிநீர் என்கிற கஷாயம் ஒரு சாமம் அதாவது மூன்று மணி நேரம் தாங்கும், சூரணம் மூன்று மாதம், இளகம் என்கிற லேகியம் ஆறு மாதம் என்று ஆயுளும் குறித்திருக்கிறார்கள். நம் பாட்டிகள் சூரணத்துக்குச் செய்ததைத்தான் நீங்கள் அக்கறையோடு செய்தீர்கள். ஆனால் சூரணம் பொடியாகவே இருக்க வேண்டும் என்று செய்த மருந்து. ரிடார்ட் மாத்திரை அப்படியில்லை. போகட்டும், சர்க்கரை உள்ளவருக்குத் தினமும் தேன் வேண்டாம். ஒரு டீஸ்பூன் தேனில் ஐந்தாறு கிராம் சர்க்கரை இருக்கிறது.

சரி, டாக்டரிடம் என்ன கேட்பது? நிஃபிடிபினுக்குப் பதில் அம்லோடிபின் தரலாமா என்று கேளுங்கள். அதுவும் அதே குடும்பத்து மருந்துதான். ஆனால் அதன் நிதானம் மாத்திரையின் கட்டுமானத்தில் இல்லை, மருந்தின் சுபாவத்திலேயே இருக்கிறது. உடம்பில் பாதி குறையவே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் பொடித்தாலும் கெட்டுப்போகாது. சர்க்கரைக்கு, எஸ்.ஆர். இல்லாத சாதாரண மெட்ஃபார்மினைப் பிரித்துப் பிரித்துத் தரலாமா, இவ்வளவு குறைவாகச் சாப்பிடுபவருக்குக் கிளிமெபிரைடு அவசியமா என்று கேளுங்கள். ஆஸ்பிரினில் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் வகை உண்டு. பான்டோபிரசோலுக்குப் பதில் வாயிலேயே கரையும் லான்சோபிரசோல் இருக்கிறது. ஓமெபிரசோல் கேப்சூலைத் திறந்து உருண்டைகளைத் தயிரில் தூவியும் கொடுக்கலாம், ஆனால் அதை மெல்லாமல் விழுங்க வேண்டும். அப்பாவால் அது முடியுமா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். டாம்சுலோசினுக்கு எளிய மாற்று என்று நான் எதையும் சொல்ல மாட்டேன், டாக்டர் யோசித்துச் சொல்லட்டும்.

டாக்டரைப் பிடிக்கும் வரை ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள், பக்கவாதம் மறுபடியும் வராமல் காப்பது அதுதான். பொடித்தாலும் அந்த வேலையைச் செய்யும், சாப்பிட்ட பிறகு கொடுங்கள். ரிடார்டை மட்டும் இனி ஒரு வேளைகூட இடித்துக் கொடுக்க வேண்டாம். டாக்டரிடம் பேசுவதற்குள் ஒரு வேளை தள்ளிப்போனாலும் பரவாயில்லை. ஆனால் இரண்டு நாள், மூன்று நாள் என்று தள்ளிப்போகக் கூடாது.

டானிக்காகவே எல்லாவற்றையும் தர முடியாதா என்று கேட்டீர்கள். பல மருந்துகள் தண்ணீரில் உயிரோடு இருக்காது. பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் காடி வாசனை அடிக்கும், காற்றின் ஈரம் பட்டு அது சிதைந்ததின் அடையாளம் அது. ஈரத்துக்கே அப்படி என்றால் அதைச் சிரப்பாக்கி ஆறு மாதம் அலமாரியில் வைக்க முடியுமா? குழந்தைகளின் ஆன்டிபயாடிக் பாட்டிலில் பொடியாக வருவதும், தண்ணீர் கலந்தால் ஒரு வாரம் போலத்தான் வைத்திருக்க முடிவதும் இதனால்தான். சிரப்பில் சர்க்கரைப் பாகு இருக்கும் என்பதையும் பாருங்கள். ஊசியோ, இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தினமும் போடும்படியான ஊசியே கிடையாது.

அதைவிட முக்கியம், புரையேறுபவருக்குத் தண்ணீர் மாதிரி இருப்பது எளிதில்லை. மாத்திரையைவிடத் தண்ணீர்தான் வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கும். தண்ணீர் குடித்ததும் இருமுகிறாரா, குரல் நீருக்குள் இருந்து பேசுவது போலக் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். பக்கவாத நோயாளிகளுக்கு விழுங்கும் திறனைச் சோதித்துப் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். எட்டு மாதமாக யாரும் அவரைச் சோதிக்கவில்லை என்றால், இந்தப் பதிலில் நான் சொன்ன எல்லாவற்றையும்விட அதுதான் அவசரம். படுக்கவைத்தோ தலையைப் பின்னால் சாய்த்தோ மருந்து கொடுக்காதீர்கள். நேராக உட்காரவைத்துக் கொடுத்து, அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

மருந்து எந்த வழியில் போக வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்டேன். மூச்சிரைப்போடு ஒரு அம்மா வந்தார். ‘ஒரு மாசமா தெனமும் ரெண்டு சாப்பிடறேன் தம்பி, ஒண்ணும் கொறையல’ என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து டப்பாவைக் காட்டினார். மிஷினில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்சூல். ஒரு மாதமாகத் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறார். அதில் இருக்கும் சால்பியூட்டமால் 200 மைக்ரோகிராம். நேராக நுரையீரலில் படுவதால் அவ்வளவே போதும். அதே மருந்தை மாத்திரையாக விழுங்க வேண்டுமானால் 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது பத்து, இருபது மடங்கு தேவை. அந்த அம்மாவுக்கு மிஷினை யாரும் கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. கேப்சூல் என்றால் விழுங்குவது என்று அவர் நினைத்ததில் என்ன தவறு? சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அன்றிலிருந்து மருந்தைக் கையில் கொடுக்கும்போது ‘இதை எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க’ என்று கேட்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

அடுத்த முறை மருந்து வாங்கும்போது அட்டையைப் பாதி வெட்டித் தந்தால், பெயர் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர்., ரிடார்ட் என்று பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்தால் அது மெதுவாக விடும் மாத்திரை, இடிக்கக் கூடாது. டி.டி. என்றால் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது. நடுவில் கோடு இருந்தால் பாதியாக உடைக்கலாம் என்றுதான் அர்த்தம், பொடிக்கலாம் என்று அர்த்தமில்லை. எழுத்து எதுவும் இல்லாமலும் பூச்சு இருக்கலாம், அதனால் கடைக்காரரிடம் ‘இதை இடிக்கலாமா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இடிக்கக்கூடியவற்றை இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே வைத்து நசுக்கினாலே போதும். மருந்துக் கடைகளில் இதற்கென்றே சின்ன டப்பாவும் கிடைக்கும். ஒவ்வொன்றாக நசுக்கி, ஆறின கஞ்சியிலோ தயிரிலோ ஒரு டீஸ்பூனில் குழைத்து உடனே கொடுங்கள். இந்த வாரம் முழுதும் காலை மருந்துக்கு முன்னாலும் ஒரு மணி நேரம் கழித்தும் ரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதி வையுங்கள், டாக்டருக்கு அந்த ஒரு காகிதம் பெரிய உதவியாக இருக்கும்.

அப்புறம், அப்பாவுக்கு எல்லாம் புரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மருந்தை மறைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஸ்பூனை வாயருகே கொண்டுபோகும்போது, ‘இது பிரஷர் மாத்திரைப்பா, கொஞ்சம் கசக்கும், முழுங்கிட்டா அடுத்தது இட்லிதான்’ என்று சொல்லிக் கொடுங்கள். அந்த இட்லியில் எதுவும் கலக்கவில்லை என்பதை அவர் பார்க்கும்படி, அவர் முன்னாலேயே பிசையுங்கள்.